பவுடரைக் குறை சொல்வதற்கு முன் பிரஷ்ஷைப் பாருங்கள்

முகத்தில் பவுடர் திட்டுத்திட்டாக நிற்கிறது, கொஞ்ச நேரத்திலேயே வழிகிறது என்று யாராவது சொன்னால், "உங்கள் பிரஷ்ஷைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்றுதான் முதலில் கேட்பேன். தெரிந்தவர்களின் விசேஷங்களுக்கு மேக்கப் போட்டுவிடப் போவது உண்டு. அவரவர் சொந்தப் பொருட்களையே எடுத்து வைக்கச் சொல்வேன். அப்படிப் பலருடைய பைகளைத் திறந்து பார்த்ததில் ஒன்று உறுதியாகத் தெரிந்தது: பழி விழுவது பவுடர் மேல், காரணம் இருப்பது பெரும்பாலும் பிரஷ்ஷில். இல்லையென்றால் பருவநிலையில்.

ஒரு அக்கா தன் காம்பாக்ட் காலாவதி ஆகிவிட்டது, எவ்வளவு தேய்த்தாலும் பவுடரே ஏறவில்லை என்று தூக்கிப்போடத் தயாராக இருந்தார். வாங்கிப் பார்த்தேன். மேல்பரப்பு மெழுகு தடவியதுபோல வழவழவென்று, நிறம் சற்றுக் கறுத்து இருந்தது. முகத்து எண்ணெயும் ஃபவுண்டேஷனும் பிரஷ் வழியாகப் பவுடருக்கே திரும்பிப் போய்ப் படிந்தால் இப்படி ஓர் இறுகிய படலம் கட்டிவிடும். ஒட்டும் டேப்பை லேசாக அழுத்தி எடுத்தோம். படலம் டேப்போடு வந்துவிட்டது. அடியில் பவுடர் புதிதாகவே இருந்தது. அவரிடம் இருந்தது ஒரே பிரஷ். திரவ ஃபவுண்டேஷனுக்கும் அதுவே, பவுடருக்கும் அதுவே. இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பிரஷ் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

எந்தப் பிரஷ் எதற்கு என்று குழம்புகிறவர்கள் நிறையப் பேர். முடியின் தன்மை தெரிந்துவிட்டால் குழப்பம் இல்லை. ஆட்டு முடி, அணில் முடி போன்றவற்றின் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய செதில்கள் உண்டு. பவுடர் துகள் அதில் தங்கி, முகத்தில் மெல்ல உதிரும். அணில் முடி மிக மென்மையானது, குறைவாகவே பவுடரை எடுக்கும். மெல்லிய பூச்சு வேண்டுமானால் அது. ஆட்டு முடி அதைவிட விறைப்பு, அதிகம் எடுக்கும். செயற்கை இழை திரவத்தைக் குடிக்காது, சீக்கிரம் காயும், அடிக்கடி கழுவினாலும் தாங்கும். அதனால் கிரீம், திரவம் எதுவானாலும் செயற்கை இழைதான் என் தேர்வு. இப்போது வருகிற நல்ல செயற்கை இழைப் பிரஷ்கள் பவுடருக்கும் நன்றாகவே இருக்கின்றன. விலங்கு முடி வேண்டாம் என்பவர்களுக்கு எந்தக் குறையும் வராது.

இன்னொரு தோழி, தன் பவுடர் பிரஷ் பரட்டையாக விரிந்துவிட்டது என்று கத்தரிக்கோலால் நுனியைச் சமமாக வெட்டி வைத்திருந்தாள். அதன் பிறகு முகத்தில் குத்துகிறது என்று ஒரே புகார். முடியின் இயல்பான நுனி மெலிந்து முடியும். அதை வெட்டினால் தட்டையான முனைதான் மிஞ்சும், அது குத்தத்தான் செய்யும். ஜப்பானில் ஹிரோஷிமா மாகாணத்தில் குமானோ என்று ஓர் ஊர், பிரஷ்ஷுக்கே பேர்போனது. எழுதும் தூரிகை செய்து வந்த ஊர், மேக்கப் பிரஷ்ஷும் செய்கிறது. 2011-இல் பெண்கள் கால்பந்து உலகக் கோப்பையை வென்ற ஜப்பான் அணிக்கு அந்நாட்டு அரசு விருதோடு தந்த நினைவுப் பரிசும் குமானோ மேக்கப் பிரஷ்தான். நுனியை வெட்டாமல், இயல்பான நுனிகளை வைத்தே வடிவம் கொண்டுவருவது அங்குள்ள கைவினையின் சிறப்பு. பரட்டையான பிரஷ்ஷுக்கு மருந்து கத்தரிக்கோல் இல்லை. கழுவி, ஈரமாக இருக்கும்போதே விரலால் வடிவம் பிடித்துவிட்டு, கிடைத்தால் வலை உறை ஒன்றை மாட்டிக் காயவிட்டால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும்.

கழுவுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல பிரஷ்கள் சாவது அங்கேதான். உறவுக்காரப் பெண் ஒருத்தி ஆசையாக வாங்கிய பிரஷ்களைச் சுடுதண்ணீர்க் குவளையில் தலைகீழாக ஊறப்போட்டு, பிறகு அப்படியே நிமிர்த்திக் காயவைப்பாள். சில மாதங்களில் முடி கொத்தாகக் கையோடு வந்தது, கைப்பிடி மரம் வெடித்து ஆடத் தொடங்கியது. மட்டமான பொருளைத் தந்துவிட்டார்கள் என்று கடைக்காரர் மேல் அவளுக்குக் கோபம். ஆனால் பிரஷ் எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். முடியை ஓர் உலோக வளையத்துக்குள் பசை போட்டுத்தான் நிறுத்தியிருப்பார்கள். சூடும் ஈரமும் அந்தப் பசையை இளக்கும். நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் வளையத்துக்குள்ளேயே இறங்கித் தங்கும், மரம் ஊதும்.

என் முறை இதுதான். வெதுவெதுப்பான தண்ணீரில், முடி கீழ்நோக்கி இருக்கும்படி நுனியை மட்டும் நனைப்பேன். குழந்தைகளுக்கான ஷாம்பு ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு மெதுவாகச் சுழற்றுவேன். நுரையில் நிறம் வராமல் போகும்வரை அலசிவிட்டு, துண்டில் ஒற்றி எடுத்து, மேசை விளிம்பில் தலை மட்டும் வெளியே நீட்டியிருக்கும்படி படுக்கவைப்பேன். அப்போதுதான் சுற்றிலும் காற்று படும். ஹேர் டிரையரின் சூடு வேண்டவே வேண்டாம். கபுகி எனப்படும் குட்டைக் கைப்பிடிப் பிரஷ் போல அடர்த்தியானது காய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். ஈரம் முழுதும் போகாமல் அதைப் பவுடரில் வைத்தால் பவுடர் கட்டிதட்டும். பவுடரில் தண்ணீர் இல்லாததால்தான் கிருமி எளிதில் வளராமல் நீண்ட நாள் கிடக்கிறது. ஈரப் பிரஷ்ஷால் நாமே அந்தப் பாதுகாப்பைக் கெடுத்துவிடுகிறோம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுவது? அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் சங்கம் 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை என்கிறது. தினமும் போடுகிறவர்களுக்கு இது சரி. திரவம் தொடும் பிரஷ்ஷையும் ஸ்பாஞ்சையும் நான் அதற்கு முன்பே கழுவிவிடுவேன். அணில் முடிப் பிரஷ்ஷை மட்டும் ஒவ்வொரு முறையும் உலர்ந்த துணியில் துடைத்துவிட்டு, எப்போதாவதுதான் நனைப்பேன். ஸ்பாஞ்ச் விஷயத்தில் யாரும் அலட்சியமாக இருக்காதீர்கள். பிரிட்டனின் ஆஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், பயன்பாட்டில் இருந்த ஸ்பாஞ்சுகளில் 93 சதவீதம் ஒருமுறைகூடக் கழுவப்படாதவை. கன்னத்தில் பரு நிற்கவே இல்லை என்று பவுடரை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் ஸ்பாஞ்சை நறுக்கிப் பார்த்தோம். உள்ளே கரும்புள்ளிகள், பூஞ்சை. ஸ்பாஞ்சை மாற்றி, பிரஷ்களைக் கழுவத் தொடங்கிய பிறகு அவளுக்குப் பரு குறைந்தது. அந்தச் சமயத்தில் புதுப்புதுப் பவுடர் வாங்குவதையும் நிறுத்தியிருந்தாள், அதற்கும் பங்கு இருக்கலாம்.

அடுத்தது பருவநிலை. புழுக்கமான நாளில் வியர்வைக்கு மேல் பவுடரை அடுக்கினால் அது குழைந்து மடிப்புகளில் சேரும். முதலில் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், அப்புறம் மூக்கு, நெற்றி, தாடை என எண்ணெய் வடியும் இடங்களில் மட்டும் பஃப்பால் அழுத்தி வையுங்கள். தேய்க்க வேண்டாம். குளிரிலும் வறண்ட காற்றிலும் நிலைமை தலைகீழ். தோலில் உரிந்து நிற்கும் செதிலையெல்லாம் பவுடர் பிடித்துக் காட்டும். ஒருமுறை நான் மேக்கப் போட வேண்டிய பெண், கோடையில் அருமையாக இருந்த பவுடர் இப்போது சுண்ணாம்பு மாதிரி தெரிகிறது, போலிச் சரக்கோ என்று கேட்டாள். மாய்ஸ்சரைசரை நன்றாகத் தடவி, அது ஊறும்வரை பொறுத்திருந்து, பெரிய தளர்வான பிரஷ்ஷால் அதே பவுடரை மூக்கோரம் மட்டும் தொட்டுவிட்டேன். சுண்ணாம்பு காணாமல் போனது.

ஃபோட்டோ எடுக்கும் நிகழ்ச்சிகளுக்கு ஓர் எச்சரிக்கை. சிலிக்கா அதிகம் உள்ள வெள்ளைத் தூள் பவுடரைத் தாராளமாகப் போட்டுவிட்டால், கண்ணாடியில் ஒன்றும் தெரியாது, ஃபிளாஷ் அடித்ததும் கண்ணுக்குக் கீழே வெள்ளைத் திட்டாக விழும். கிளம்பும் முன் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள். எஸ்பிஎஃப், அதாவது வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்று காட்டும் எண், போட்ட பவுடரை மட்டும் நம்பி வெயிலில் இறங்குவதையும் தவிருங்கள். அந்த எண் கிடைக்க ஒரு சதுர செ.மீ.க்கு 2 மில்லிகிராம் பூச வேண்டும். அந்த அளவுக்கு யாரும் பவுடர் போடுவதில்லை. சன்ஸ்கிரீன் அடியில் இருக்கட்டும், பவுடர் மேலே.

பண்டிகைக் காலத்தில் வரும் சிறப்புப் பதிப்புப் பேலட்களில் (பல நிறப் பவுடர்களை அடுக்கிய தட்டுகளில்) நிறையப் பேர் ஏமாந்ததைப் பார்த்திருக்கிறேன். மேலே பொறித்த பூ வேலைப்பாடும் தங்க மினுமினுப்பும் பல நேரங்களில் தெளித்த ஒரு மெல்லிய படலம்தான். முதல் சில தடவையிலேயே போய்விடும். அடியில் வரும் நிறம் பிடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கைவினைக்கு விற்கும் கிளிட்டரைக் கண் இமையில் ஒட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறும். அதன் கூரிய விளிம்பு விழியைக் கீறிவிடும். அழகுசாதனத்துக்கென்று செய்ததை மட்டும் வாங்குங்கள்.

பவுடர்களில் சேர்க்கும் டால்க் என்ற கனிமத் தூள் பற்றியும் பலர் கவலையோடு கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024-இல் அதை 2ஏ பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றில் வைத்தது. சான்று எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்லும் பிரிவு இது. ஆபத்தின் அளவைச் சொல்வதில்லை. மனம் ஒப்பவில்லை என்றால் அரிசி மாவு, சோள மாவு, மைக்கா சேர்ந்த டால்க் இல்லாத பவுடர்கள் இருக்கின்றன. எதுவானாலும் தூள் பவுடரைப் புகையாகப் பறக்கவிட்டுச் சுவாசிக்காதீர்கள். மூடியில் கொஞ்சம் கொட்டி, பிரஷ்ஷைச் சுழற்றி, தட்டிவிட்டு எடுங்கள்.

பருவம் முடிந்து எடுத்து வைக்கும் பிரஷ்ஷைக் கழுவாமல் வைக்காதீர்கள். விலங்கு முடியைத் துணிப்பூச்சிப் புழுக்கள் தின்னும், அழுக்கும் எண்ணெயும் இருந்தால் இன்னும் விரும்பி வரும். அலமாரியில் மறந்துபோன ஆட்டு முடிப் பிரஷ் ஒன்று பாதி மொட்டையாகக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். சுத்தமாகக் கழுவி, நன்றாக உலரவிட்டு, மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு வைத்தால் போதும். குளியலறை அலமாரி வேண்டாம், அங்கே எப்போதும் ஈரம். பயணத்துக்குக் காம்பாக்ட் எடுத்துப்போகிறவர்கள், பவுடருக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு பஞ்சு வட்டை வைத்து மூடுங்கள், உடையாமல் வந்து சேரும். அப்படியும் உடைந்துவிட்டால் நன்றாகப் பொடித்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சில சொட்டு விட்டுக் குழைத்து, டிஷ்யூ போட்டு அழுத்தி, இரவு முழுக்கத் திறந்தே வையுங்கள், மறுநாள் பயன்படுத்தலாம்.