6,200 சேலைப் படங்களை மொத்தமாக மாற்ற வேண்டும், அரக்கு நிறம் அரக்காகவே இருக்க வேண்டும்

முந்திவிரிப்பு:

வணக்கம். சித்தி இளம்பிள்ளையில் வீட்டிலிருந்தே சேலை வியாபாரம் செய்கிறார். இத்தனை நாள் வாட்ஸ்அப் குரூப்பிலேயே ஓடியது, இப்போது சொந்தமாக வெப்சைட் போட்டாயிற்று, படம் ஏற்றுகிற வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. நாலு வருடப் படங்கள், 6,200 சொச்சம், மொத்தம் 22 ஜிபி. பாதி சித்தியின் ஐபோனில் எடுத்த ஹெச்இஐசி (HEIC) கோப்புகள், மீதி தம்பியின் ஆண்ட்ராய்டில் எடுத்த ஜேபெக் (JPEG), நடுவில் கொஞ்சம் வாட்ஸ்அப்பில் போய்த் திரும்பி வந்தவை.

மாதிரிக்கு 300 படங்களை ஒரு இலவச மென்பொருளில் போட்டு வெப்பியாக (WebP, வெப்சைட்டுக்கான படக் கோப்பு வகை) மாற்றினேன். சைஸ் என்னவோ நன்றாகத்தான் குறைந்தது. ஆனால் போனை நெட்டுக்குத்தாகப் பிடித்து எடுத்த படங்களில் நிறைய படுத்துக்கொண்டன. அதைக்கூடத் திருப்பிவிடலாம், அரக்குச் சேலையெல்லாம் காய்ந்த செங்கல் மாதிரி ஆனதுதான் வயிற்றெரிச்சல். சித்தி பார்த்துவிட்டு "இது நம்ம சேலையே இல்லடா" என்று சொல்லிவிட்டார். நிறம் வேறு என்று ரிட்டர்ன் வந்தால் கூரியர் காசு எங்கள் கையைத்தான் கடிக்கும். போதாததற்குப் பொடிக்கட்டம் போட்ட சேலைகளில் தண்ணீர் அலை மாதிரி என்னவோ ஓடுகிறது.

விண்டோஸ் லேப்டாப், 8 ஜிபி ராம். கமாண்ட் அடிக்கப் பயம் இல்லை, ஆனால் அதில் பெரிய ஆளும் இல்லை. எதில் செய்வது, எந்த வரிசையில் செய்வது?

அரைபிக்சல்:

ஒன்று ஊகித்துச் சொல்கிறேன், சரியா பாருங்கள். படுத்துக்கொண்டவை பெரும்பாலும் தம்பியின் ஆண்ட்ராய்டு படங்கள், செங்கல் ஆனவை சித்தியின் ஐபோன் படங்கள். அப்படியென்றால் இரண்டு நோய்க்கும் காரணம் ஒன்றுதான்: சைஸைக் குறைக்கிறேன் என்று அந்த மென்பொருள் மெட்டாடேட்டா (படக் கோப்புக்குள் படத்தைப் பற்றி எழுதியிருக்கும் குறிப்புகள்) மொத்தத்தையும் உரித்துப் போட்டிருக்கிறது.

போனை நெட்டாகப் பிடித்து எடுத்தாலும் பல போன்கள் படத்தைச் சென்சார் பார்த்தபடி படுக்கையாகவே எழுதிவிட்டு, "காட்டும்போது திருப்பிக் காட்டு" என்று எக்சிஃபில் (மெட்டாடேட்டாவில் கேமரா எழுதும் பகுதி) ஒரு குறிப்பு மட்டும் வைக்கும். குறிப்பை உரித்தால் படம் படுத்துவிடும். நிறமும் அதே கதைதான். 2016இல் வந்த ஐபோன் 7 முதல் அந்தக் கேமராக்கள் டிஸ்ப்ளே பி3 என்கிற அகலமான நிறவெளியில் (எந்த எண் எந்த நிறம் என்கிற கணக்கு) எழுதுகின்றன. படத்தோடு ஒட்டியிருக்கும் கலர் ப்ரொஃபைல்தான் "இந்த எண்களை பி3 கணக்கில் படி" என்று சொல்வது. அதைக் கிழித்துவிட்டால் பிரவுசர் அதே எண்களை எஸ்ஆர்ஜிபி (வெப்பில் வழக்கமான, பி3யை விடக் குறுகிய நிறவெளி) என்று நினைத்துப் படிக்கும், எல்லா நிறமும் ஒரு படி வெளுக்கும், பளிச்சென்ற சிவப்பு வகையறாவுக்குத்தான் அடி அதிகம். அரக்கு செங்கல் ஆனது அப்படித்தான்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் குறிப்பைப் பார்த்துப் படத்தை நிஜமாகவே திருப்ப வேண்டும், அடுத்து பி3 எண்களை எஸ்ஆர்ஜிபிக்குக் கணக்குப் போட்டு மாற்ற வேண்டும் (ப்ரொஃபைலைத் தூக்கி எறிவது வேறு, மாற்றுவது வேறு, பலரும் வழுக்குவது இங்கேதான்), பிறகு சிறிதாக்கி, பிறகு சேமிக்க வேண்டும், உரிப்பது கடைசியில். ஆனால் உரிக்காமலும் விடாதீர்கள். வீட்டில் எடுத்த படங்கள், லொகேஷன் ஆன் ஆகியிருந்தால் சித்தி வீட்டு அட்சரேகை தீர்க்கரேகை ஒவ்வொரு படத்துக்குள்ளும் உட்கார்ந்திருக்கும்.

சைஸில் பெரிய லாபம் ஃபார்மட்டை மாற்றுவதில் கிடைப்பதில்லை, சிறிதாக்குவதில்தான் இருக்கிறது. 12 மெகாபிக்சல் படம் 4032க்கு 3024. அதை 1600க்கு 1200 ஆக்கினாலே பிக்சல் எண்ணிக்கை ஆறில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். படம் சராசரியாக 200 கேபி என்று வைத்துக்கொண்டால் உங்கள் 22 ஜிபி ஒன்றேகால் ஜிபிக்குள் அடங்கிவிடும். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்தவை ஏற்கெனவே சுருங்கியவை, "பெரியதாக இருந்தால் மட்டும் சிறிதாக்கு" என்று போடுங்கள், ஊதிப் பெரிதாக்க வேண்டாம்.

பொடிக்கட்டத்தில் அலை ஓடுவது சிறிதாக்கும் முறையால். அருகிலிருக்கும் ஒரு பிக்சலை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விடுகிற மலிவான முறையில் நூலின் கட்டத்துக்கும் பிக்சல் கட்டத்துக்கும் இடையில் மோதல் வந்து மோரே அலை உண்டாகும். லாங்சோஸ் என்று ஒரு முறை இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். மூலப் படத்தை முழு அளவில் திறந்தாலே அலை தெரிகிறது என்றால் அது கேமராவிலேயே வந்தது, ஒன்றும் செய்ய முடியாது, அந்தச் சேலையைக் கொஞ்சம் தள்ளி நின்றோ கோணம் மாற்றியோ மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

மென்பொருளைப் பொறுத்தவரை, எக்ஸ்என்கன்வர்ட், இர்ஃபான்வியூ இரண்டும் நல்லவைதான், ஆனால் சொந்த உபயோகத்துக்கு மட்டும் இலவசம், வியாபாரத்துக்கு லைசென்ஸ் வாங்க வேண்டும். கமாண்டுக்குப் பயமில்லை என்றீர்களே, இமேஜ்மேஜிக் அல்லது லிப்விப்ஸ் எடுங்கள், இரண்டும் திறந்த மூலம், கடைக்கும் காசு கிடையாது. 8 ஜிபி ராமுக்கு லிப்விப்ஸ்தான் என் ஓட்டு. அதோடு வரும் விப்ஸ்தம்ப்நெயில் என்கிற கருவி திருப்புவது, நிறம் மாற்றுவது, சிறிதாக்குவது எல்லாவற்றையும் ஒரே வரியில் செய்யும், முழுப் படத்தையும் மெமரியில் ஏற்றாது. ஹெச்இஐசி திறக்கிற வசதியோடு வந்த பதிப்புதானா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இமேஜ்மேஜிக்கில் செய்தால் மோக்ரிஃபை கமாண்டைப் பயன்படுத்துங்கள், அது ஒவ்வொரு படமாக எடுத்துக்கொள்ளும். வெறும் மேஜிக் கமாண்டில் நட்சத்திரம் போட்டு மொத்த ஃபோல்டரையும் கொடுத்தால் அத்தனை படத்தையும் ஒரே நேரத்தில் ராமில் ஏற்றப் பார்க்கும், லேப்டாப் மூச்சுத் திணறிவிடும்.

பழைய_லேப்டாப்:

மேலே சொன்னது எல்லாம் சரி, மோக்ரிஃபை பற்றி ஒரு எச்சரிக்கை விட்டுப்போய்விட்டது. ஜேபெக்கை ஜேபெக்காகவே சிறிதாக்கச் சொன்னால் அது புதிய கோப்பு போடாது, மூலத்தின் மேலேயே எழுதிவிடும். கேட்கவும் கேட்காது. அக்கா கல்யாணப் படங்கள் 1,100ஐ ஒரு ராத்திரியில் 800 பிக்சலுக்குச் சுருக்கிவிட்டு விடியற்காலை நாலு மணிக்குத்தான் அதைக் கண்டுபிடித்தேன், இன்றுவரை ஆல்பத்தைப் பற்றி வீட்டில் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவேன். பாத் என்ற ஆப்ஷனில் வேறு ஃபோல்டரைக் கொடுங்கள். அதற்கும் முன்னால் 22 ஜிபியையும் ஒரு வெளி டிஸ்கில் காப்பி எடுத்து, அதைக் கழற்றி, பீரோவில் வையுங்கள்.

இன்னொன்று யாரும் சொல்லவில்லை. இரண்டு போன் என்கிறீர்கள். ஐபோன் தன் படங்களுக்கு ஐஎம்ஜி என்று போட்டு நாலு இலக்க எண் கொடுக்கும், 9999 தாண்டினால் மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். நாலு வருடத்தில் 0412 என்ற எண் இரண்டு முறை வந்திருக்கலாம். தம்பி போனும் அதே மாதிரி பெயர் வைத்தால் இன்னும் மோசம், அங்கே 0412 ஜேபெக், இங்கே 0412 ஹெச்இஐசி, பெயரின் கடைசியில் வரும் கோப்பு நீட்சி வேறாக இருக்கிறவரை சண்டை இல்லை, இரண்டும் வெப்பி ஆனால் ஒரே பெயர், பின்னால் வந்தது முன்னால் வந்ததை விழுங்கிவிடும். எரர் எதுவும் வராது. கடைசியில் எண்ணிப் பார்த்தால்தான் 6,200 இருக்க வேண்டிய இடத்தில் 5,900 இருப்பது தெரியும். எக்சிஃப்டூல் என்று ஒரு கருவி இருக்கிறது, படம் எடுத்த தேதி நேரத்தையே கோப்பின் பெயராக வைத்துவிடும், ஒரே நொடியில் இரண்டு எடுத்திருந்தால் பின்னால் ஒரு எண்ணும் சேர்க்கச் சொல்லலாம். மெட்டாடேட்டாவை உரிக்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள், உரித்த பிறகு தேதிக்கு எங்கே போவது? வாட்ஸ்அப் படங்களில் அந்தத் தேதி ஏற்கெனவே போயிருக்கும், அவற்றைத் தனி ஃபோல்டரில் ஒதுக்குங்கள்.

கண்மாய்க்கரை:

எல்லோரும் வெப்பி வெப்பி என்கிறீர்கள், சேலைப் படத்துக்கு அது தேவையா என்று ஒரு தடவை யோசியுங்கள். வெப்பியின் இழப்புள்ள வகை எப்போதும் 4:2:0தான். அதாவது வெளிச்சத்தை முழு நுணுக்கத்தில் வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நாலு பிக்சலுக்கு ஒன்று என்று சேமிக்கும். முகம், மரம், வானம் என்றால் கண்ணுக்குத் தெரியாது. அரக்கு உடலில் மெல்லிய ஜரிகைக் கரை ஓடுகிறது பாருங்கள், அங்கே தெரியும், சிவப்பும் தங்கமும் ஒன்றோடொன்று கசிந்து கரை மங்கலாகிவிடும். ஜேபெக்கில் 4:4:4, அதாவது நிறத்தையும் ஒவ்வொரு பிக்சலுக்கும், வைக்க முடியும். 1992ஆம் வருடத்துச் சரக்குதான், ஆனால் திறக்காத இடம் கிடையாது. மோஸ்ஜேபெக் என்கிற ஜேபெக் சுருக்கும் கருவியில் தரம் 82 வைத்து 4:4:4 போடுங்கள், வெப்பியை விடக் கொஞ்சம் கனமாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். வெப்சைட் நடத்துகிற கம்பெனியே பிரவுசரைப் பார்த்துத் தானாக வெப்பியாக்கிக் கொடுக்கிறதா என்றும் கேளுங்கள், நிறைய இடங்களில் உண்டு. அப்படியானால் நீங்கள் வெப்பி ஏற்றி, அது அதை மறுபடி நசுக்கி, இரண்டு தடவை அடி எதற்கு?

அரைபிக்சல்:

4:2:0 விஷயம் நியாயமான பேச்சு, நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வெப்பியில் ஷார்ப் ஒய்யுவி என்று ஒரு வசதி உண்டு, லிப்விப்ஸில் ஸ்மார்ட் சப்சாம்பிள் என்ற பெயரில் இருக்கும். நிறத்தைக் குறைக்கும்போதே ஓரங்களைக் கவனித்துக் குறைக்கும், ஜரிகைக் கசிவு பெருமளவு அடங்கிவிடும். நேரம் கொஞ்சம் கூடும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவருக்கு அது ஒரு பொருட்டா? அப்புறம் ஜேபெக்கின் 82ம் வெப்பியின் 82ம் ஒரே அளவுகோல் இல்லை, எண்ணை வைத்து ஒப்பிடாதீர்கள்.

எதுவானாலும் முதலில் 30 படம், அதுவும் கஷ்டமானவையாகப் பொறுக்கி எடுத்தது: அரக்கில் ஜரிகை, எம்எஸ் ப்ளூ, வாடாமல்லி, பொடிக்கட்டம், முழு வெள்ளை, முழுக் கறுப்பு. லேப்டாப்பில் பார்க்காதீர்கள், வாங்குகிறவர் பார்க்கப்போவது போனில்தான். இரண்டு வேறு போனில், பக்கத்தில் சேலையையே வைத்துக்கொண்டு பாருங்கள்.

முந்திவிரிப்பு:

ஊகம் அப்படியே சரி. படுத்தது அத்தனையும் தம்பி போன், செங்கல் ஆனது அத்தனையும் ஐபோன். லிப்விப்ஸில் திருப்பி, எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, 1600க்குக் குறைத்து 30 படம் எடுத்துப் பார்த்தேன், அரக்கு அரக்காகவே வந்தது. பெயர் இடித்ததை எண்ணினேன், 212. இங்கே எழுதாமல் இருந்தால் 212 சேலை காணாமல் போயிருக்கும். வெப்சைட்காரர்களிடம் கேட்டதில் அவர்களே வெப்பியாக்கிக் கொடுப்பார்களாம், அதனால் 4:4:4 ஜேபெக் என்று முடிவு செய்துவிட்டேன். பீரோவில் டிஸ்க் ஏறிவிட்டது.

இரண்டு மட்டும் உதைக்கிறது. எம்எஸ் ப்ளூ எல்லாப் படத்திலும் கொஞ்சம் பச்சைப் பக்கம் சாய்கிறது, மூலத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. வாடாமல்லி மூலத்தில் பளிச்சென்று இருக்கிறது, மாற்றியதும் ஒரு சொட்டு இறங்குகிறது.

கண்மாய்க்கரை:

எம்எஸ் ப்ளூவுக்குக் காரணம் ட்யூப்லைட். அதைக் கோப்பு மாற்றத்தில் சரிசெய்யப் பார்க்காதீர்கள், ஒன்றுக்குச் சரியாகும், அடுத்ததற்குக் கெடும். காலை வெயில் நேராக விழாத ஜன்னலோரத்தில், உள்ளே விளக்கை அணைத்துவிட்டு, அந்த நிறத்துச் சேலைகளை மட்டும் மறுபடி எடுங்கள். வாடாமல்லி வேறு கதை, அந்தப் பளிச்சு எஸ்ஆர்ஜிபியின் எல்லைக்கு வெளியே போகிற நிறமாக இருக்கலாம், மாற்றும்போது உள்ளே இழுத்துப் போடும்போது கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அந்தச் சேலைகளின் விவரத்தில் "நேரில் இன்னும் பளிச்சென்று இருக்கும்" என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள் சித்தியிடம்.