மறுமொழி: 'உயர் பகு எண்' பற்றி, 'காரணி விஞ்செண்' எனலாமா?

அன்புடையீர், வணக்கம்.

இராமானுசன் 1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் விரிவாக ஆராய்ந்த எண்களுக்கு (highly composite number) 'உயர் பகு எண்' என்னும் பெயரை ஐயா அவர்கள் சென்ற மடலில் முன்மொழிந்திருந்தார்கள். சொல்லுக்குச் சொல் அது சரியே; ஆயினும் பொருள் இடிக்கிறது. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகளைப் பெற்றிருப்பதே இவ்வெண்களின் இலக்கணம். அதன்படி 2 என்பதும் இவ்வகையில் சேரும், இராமானுசனின் பட்டியலே 2இல்தான் தொடங்குகிறது. 2 பகா எண் ஆயிற்றே!

இங்கே பெங்களூரு அல்சூரில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழில் கணக்குச் சொல்லித்தருகிறேன். பள்ளியில் 'அவிபாஜ்ய சங்க்யே' என்று கன்னடத்தில் படித்துவிட்டு, 'பகா எண்' என்பதை என்னிடம் கற்றுக்கொண்ட எட்டாம் வகுப்பு மாணவி, "பகாததை எப்படிச் சார் உயர்வாப் பகுக்குறது?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

அன்று இராமானுசன் பட்டியலின் இறுதி எண்ணான 67,46,32,83,88,800ஐக் கரும்பலகையில் எழுதிப் பகாக் காரணிப்படுத்தினோம். 2இன் அடுக்கு 6, 3இன் அடுக்கு 4, 5க்கும் 7க்கும் 2, பிறகு 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறை. அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால், 7×5×3×3×2×2×2×2×2, அதாவது 10,080 காரணிகள். 23ஐ மட்டும் நீக்கினால் எஞ்சும் 2,93,31,86,25,600க்கு அதில் பாதியாக 5,040 காரணிகள். இதுவும் அதே வகை எண்தான். ஆனால் அவர் கையால் தொகுத்த பட்டியலில் விடுபட்டுப்போன ஒரே எண் இது. 5,040, 10,080 ஆகிய இரண்டுமே இவ்வகை எண்களாக இருப்பதைக் கண்டபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

'மிகுகாரணி எண்' என்னும் மாற்றுச் சொல்லும் எனக்கு நிறைவளிக்கவில்லை. தன்னை நீக்கிய பிற காரணிகளின் கூட்டுத்தொகை தன்னை மிஞ்சும் எண்ணைக் குறிக்கும் 'மிகை எண்' (abundant number) என்பதோடு அது குழம்பும். 18 மிகை எண். ஆனால் 12க்கும் 18க்கும் ஆறாறு காரணிகளே இருப்பதால், 18 இவ்வகையில் சேராது. சமமாக நிற்பது போதாது, மிஞ்ச வேண்டும் என்னும் இந்த நுட்பத்தை 'விஞ்சு' என்னும் வினை தானே சுமக்கிறது. ஆகவே முதல் ஆட்சியில் 'காரணி விஞ்செண்' என்றும், பின்னர் சுருக்கமாக 'விஞ்செண்' என்றும் வழங்கலாம். 'பகு எண்' போலவே இதுவும் வினைத்தொகை என்பதால், பாடநூல் நடையோடு இயல்பாகப் பொருந்தும்.

இவற்றுள் இன்னும் கடுமையான நிபந்தனைக்கு உட்பட்ட உள்வகை ஒன்றையும் (superior highly composite number) இராமானுசன் பிரித்துக் காட்டியுள்ளார். 5,040 அதில் சேரும், 10,080 சேராது. அதற்குத் 'தலைவிஞ்செண்' என்பது என் முன்மொழிவு. இதைவிடச் சிறந்த சொல் எவருக்கேனும் தோன்றினால் அறியத் தாருங்கள்.

அன்புடன்,
பெங்களூருவிலிருந்து