கெம்பேர் மண்சுரூபத்தின் அடியில் துளை எதற்கு?

கேள்வி:
வணக்கம். பிரான்சின் பிரிட்டனிப் பகுதியிலுள்ள கெம்பேர் நகர மரபில் செய்யப்பட்ட, ஒரு சாண் உயரமுள்ள புனித அன்னாவின் சுரூபம் அண்மையில் என்னிடம் வந்தது. தம் மகளான சிறுமி மரியாவுக்கு அவர் வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் கோலம். அடியில் ஒரு துளையும் ‘எச்ஆர்’ என்ற குறியும் உள்ளன. துளை பிற்காலச் சேதமா? அங்கே அன்னாவுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

மறுமொழி 1:
சேதமன்று. உருவம் உள்ளீடற்றது, சூளையில் விரிவடையும் காற்று வெளியேற வழியில்லையெனில் அது வெடித்துவிடும். முதல் சூளையில் சுட்ட மண்ணை வெள்ளீயம் கலந்த பூச்சில் தோய்த்து, உலர்ந்த மாவு போன்ற அந்தப் பரப்பின்மீதே வண்ணம் தீட்டி மீண்டும் சுடுவார்கள். பூச்சு நிறத்தை உடனே உறிஞ்சிக்கொள்வதால் ஒரு கோட்டைக்கூட அழித்துத் திருத்த இயலாது. அன்னாவின் ஆடை விளிம்பை உருப்பெருக்கியில் பாருங்கள். தூரிகை அழுந்திய இடத்தில் கோபால்ட் நீலம் அடர்ந்தும், எடுத்த இடத்தில் மெலிந்தும் இருக்கும். அந்தப் பட்டறைகளில் தூரிகை பிடித்தவர்களுள் பலர் பெண்களே என்பதை நான் மிகுந்த மதிப்போடு நினைக்கிறேன்.

மறுமொழி 2:
குறி ஆன்ரியோ பட்டறையுடையது; அது பொதுவாக 1922-க்கு முந்தைய காலத்தைக் காட்டும். அன்னா பிரெத்தோன் மக்களின், அதாவது பிரிட்டனி மக்களின், பாதுகாவலர். 1625-இல் அங்குள்ள ஓரே என்ற ஊரின் அருகே நிக்கோலாசிக் என்ற உழவர் வயலில் அவருடைய பழைய சுரூபத்தைக் கண்டெடுத்தபின், அவ்விடம் பெரிய திருத்தலமாயிற்று. மீனோடு நிற்கும் ஆயர் (பிஷப்) கொராந்தேனும், செல்வருக்கும் ஏழைக்கும் நடுவே நிற்கும் புனித ஈவும் இம்மரபில் அடிக்கடி காணப்படுபவர்களே.

கேட்டவர்:
மிக்க நன்றி. துளையை அடைக்கவிருந்தேன்; இனி அப்படியே விட்டுவிடுகிறேன்.