நைட்ரஸ் போட்டால் செம்பு கேஸ்கெட்தானா?

வெண்ணாற்றங்கரை:
பழைய நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். இரும்பு பிளாக், அலுமினிய ஹெட். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காக 50 குதிரைத்திறன் கூட்ட நைட்ரஸ் (இன்ஜினுக்குக் கூடுதல் ஆக்ஸிஜன் தரும் வாயு) பொருத்தப்போகிறேன். தஞ்சாவூரில் ஹெட்டைக் கழற்றியாயிற்று. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் கம்பெனி கேஸ்கெட்டை எறிந்துவிட்டுச் செம்புத் தகட்டில் வெட்டிப் போடுவதாக முடிவு செய்திருக்கிறேன். பாத்திரப் பட்டறையில் செய்வதுபோல் சிவக்கக் காய்ச்சினால் செம்பு மீண்டும் இளகிவிடும். கழற்றிக் கழற்றிப் போடலாம். மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

பட்டறைவாசி:
நான் மறுக்கிறேன், தம்பி. செம்பு நெருப்பை அடைக்கும், தண்ணீரை அடைக்காது. சிலிண்டர் வாயைச் சுற்றிப் பள்ளம் வெட்டிக் கம்பி வளையம் பதிக்க வேண்டும். நீர்த் துளைகளைச் சுற்றிப் பசை பூச வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெயில் தண்ணீர் கலந்து, எண்ணெய் மூடியைத் திறந்ததும் டிகிரி காபிதான். 50 குதிரைக்குப் பல அடுக்கு எஃகு கேஸ்கெட்டே போதும். ஆனால் அதற்கு ஹெட்டின் முகமும் பிளாக்கின் முகமும் வழவழப்பாக இருக்க வேண்டும். கட்டையில் எமரி தாள் சுற்றித் தேய்க்கும் வேலை உதவாது.

கடைமடை:
இருவரும் பூட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் நாகப்பட்டினம் பக்கத்து ஆயில் இன்ஜின்களில் கேஸ்கெட் ஃபியூஸ் கம்பி மாதிரி; அது போனால் மற்றவை பிழைக்கும். நைட்ரஸில் எடைக்கு 36 சதவீதம் ஆக்ஸிஜன், காற்றிலோ 23தான். சுமார் 300 டிகிரியில் அது பிரிந்து ஆக்ஸிஜனைக் கொட்டும்போது கூடவே பெட்ரோல் வராவிட்டால் நாக்கிங் (சிலிண்டருக்குள் கலவை தானாக வெடிப்பது) நிச்சயம். கேஸ்கெட்டை மட்டும் அசையாததாக்கினால் அடுத்து ஓட்டை விழுவது பிஸ்டனில்.

வெண்ணாற்றங்கரை:
நல்ல ஃபியூஸ்! கேஸ்கெட் கிழிந்து சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கினால்? தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். அந்தச் செலவைக் கடைமடை அண்ணன் கொடுப்பாரா?

பட்டறைவாசி:
அவர் சொன்னதில் பாதி சரி. என்னிடம் வந்த ஒரு ஹெட்டில் 2, 3 சிலிண்டர்களுக்கு நடுவே விரல் அகல இடத்தில் கேஸ்கெட் கருகி, அலுமினியத்தில் புழு அரித்த கத்தரிக்காய்போல் ஓடை விழுந்திருந்தது. உரிமையாளர் கேஸ்கெட்டைத் திட்டினார். நான் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டினேன்: வெள்ளைப் பீங்கானில் மிளகுப்பொடி தூவியதுபோல் புள்ளிகள், அவற்றுக்கிடையே பளபளவென்று பிஸ்டனின் அலுமினியத் துகள். நாக்கிங்கில் ஹெட் தூக்கிக்கொடுத்திருக்கிறது. அதற்குப் பழைய போல்ட்டும் துணை. முறுக்கும்போது நீளும் வகை போல்ட்டை இரண்டாம் முறை போடாதீர்கள், ஸ்டட் (இரு முனையிலும் மரை உள்ள தண்டு) வாங்குங்கள். நடுவிலிருந்து வெளிப்புறமாக, மூன்று தவணையில் முறுக்குங்கள். 50 குதிரைக்குப் பிளக் பொறி விடும் டைமிங்கை 2 டிகிரி பின்தள்ளி, ஒரு படி குளிர்ந்த (சூட்டைச் சீக்கிரம் கடத்தும்) பிளக் போடுங்கள். அதற்கெல்லாம் முன் ஸ்ட்ரெய்ட் எட்ஜை (நேர் விளிம்புப் பட்டையை) ஹெட்டின் முகத்தில் மூலைக்கு மூலை வைத்து, அடியில் 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் தகடு நுழைகிறதா பாருங்கள்.

கடைமடை:
முகம் சீவச் சீவக் கம்ப்ரஷன் ஏறும், அதுவும் நாக்கிங்குக்குத் தீனி. அதையும் சொல்லிவிடுங்கள் ஐயா.

வெண்ணாற்றங்கரை:
பார்த்துவிட்டேன். 0.05 வழுக்கிக்கொண்டு போகிறது, 0.08கூட நுழைகிறது, அதே 2, 3 நடுவில். நாளைக் காலை ஹெட்டைச் சாக்கில் சுற்றி லேத்துக்கு எடுத்துப் போகிறேன். செம்புத் தகட்டை இன்னும் பரணில் போடவில்லை.

பட்டறைவாசி:
பிளாக்கை அளந்தீர்களா?