கத்திரி வெயிலில் தோட்ட வேலை: எந்த வேலைக்கு எந்த நேரம்? நான்கு ஊர்த் தோட்டக்காரர்கள் சொல்கிறார்கள்

மதுரை, மாடித்தோட்டம்

மண் கலப்பது, பை தூக்குவது, பந்தல் கட்டுவது என மூச்சு வாங்கும் வேலையெல்லாம் காலை 6 மணிக்கே தொடங்கி 7 மணிக்குள் முடிய வேண்டும். களையெடுப்பு, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அதற்கப்புறம். எட்டரைக்குக் கீழே இறங்கிவிடுங்கள்.

மணியைவிட நம்பகமானது நிழல். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாகிவிட்டால் புற ஊதாக் கதிர் கடுமையாகிவிட்டது என்று அர்த்தம். மே மாதத்தில் காலை 9 மணியை ஒட்டியே அப்படி ஆகிவிடும். சாயங்காலம் மட்டும் இந்தக் கணக்கை நம்பி ஏமாறாதீர்கள். மூன்றரைக்கு நிழல் நீண்டிருக்கும், ஆனால் காற்றின் சூடு உச்சத்துக்குப் போய் அப்போதுதான் இறங்கத் தொடங்கியிருக்கும். பகலெல்லாம் வெயில் குடித்த தளம் 5 மணிக்கும் அனல் கக்கும். தொப்பி போட்டும் தலை கிறுகிறுப்பது இதனால்தான்.

வெயிலில் கிடந்த ஹோஸில் முதலில் வருவது வெந்நீர். புறங்கையில் பட்டுப் பார்த்து, குளிரும்வரை வாளியில் பிடித்துவிட்டு அப்புறம் செடிக்குக் காட்டுங்கள். மதியம் கத்தரி இலை தொங்குகிறதே என்று பதறி ஓடி ஊற்ற வேண்டாம். இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள். மண் ஈரமாக இருந்தால் வெயில் தாழ்ந்ததும் இலை தானே நிமிரும். அந்த ஈரத்தின் மேல் மறுபடி ஊற்றினால் வேர்தான் அழுகும்.

கோவை, காய்கறித் தோட்டம்

மதுரை அண்ணா சொன்ன காலை நேரம் சரி. ஆனால் சில வேலைகளின் நேரத்தைச் செடிதான் தீர்மானிக்கிறது. பூசணி, பாகல் விடியலில் பூக்கும். சுரையும் பீர்க்கும் சாயங்காலம்தான் விரியும். கையால் மகரந்தம் சேர்ப்பவர்களுக்கு இதில் தப்ப வழியில்லை. பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருந்தால் அது பெண் பூ. ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழ்களைப் பின்னால் மடக்கி, நடுவில் உள்ள மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவே இருக்கும் சூல்முடியில் மெதுவாகத் தடவுங்கள். பூசணிக்கு 8 மணி தாண்டினால் பூ வாடத் தொடங்கும், பிஞ்சு வெம்பி விழும்.

வேப்பெண்ணெயும் சாயங்காலம்தான், 5 மணிக்கு மேல். 5 மில்லி எண்ணெயில் 2 மில்லி சோப்புக் கரைசலை முதலில் விட்டு, பால்போல வெளுக்கும்வரை கலக்கி, பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் சேருங்கள். எண்ணெய் மேலே மிதந்தால் கலவை சேரவில்லை. அதை அடித்தால் திட்டுத் திட்டாக இலை கருகும். காலையில் அடித்தால் ஏறுகிற வெயிலும் எரிக்கும், பூவுக்கு வரும் தேனீக்கும் கேடு. நாற்று நடுவதும் சாயங்காலமே. வேர் பிடிக்க ஒரு ராத்திரி கிடைக்கும்.

தஞ்சாவூர், கொல்லைத் தோட்டம்

தரையில் தோட்டம் வைத்திருப்பவர்கள் இருட்டுவதற்குள் கையை எடுத்துவிடுங்கள். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும், கண்ணாடி விரியனும் பெரும்பாலும் அப்படித்தான். பீர்க்கம் பந்தலுக்குப் போயே ஆக வேண்டுமென்றால் டார்ச், முழங்கால்வரை பூட்ஸ், தரையைத் தட்டிப் போக ஒரு கம்பு, மூன்றும் வேண்டும். அடுக்கிய தொட்டி, காய்ந்த சருகு, செங்கல் குவியல் இவற்றைப் பகலில் மட்டும் தொடுங்கள். கட்டுவிரியன் கடி பல நேரம் வலிக்கவே வலிக்காது, எறும்புக்கடி என்று விட்டுவிடக் கூடாது. கட்டுப்போடாமல், கீறாமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல் நேராக விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.

டெங்கு கொசு பகலில் கடிப்பது. காலையும் அந்திக்கு முன்னும்தான் அதற்கு வேட்டை நேரம், அதாவது நம் தோட்ட நேரமேதான். முழுக்கைச் சட்டை போடுங்கள். தொட்டியடித் தட்டுகளை வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது.

சென்னை, மாடித்தோட்டம்

எங்கள் பக்கம் கடற்காற்று வந்ததும் சூடு இறங்கும், ஆனால் புழுக்கத்தில் வியர்வை உலராது, உடம்பும் ஆறாது. அதனால் தாகத்துக்குக் காத்திருக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீர் குடியுங்கள். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு வந்தால் அன்றைக்கு வேலை அவ்வளவுதான். நிழலுக்கு வந்து ஓஆர்எஸ் குடியுங்கள், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கலக்கி. பேச்சு குழறினாலோ, ஆள் தடுமாறினாலோ வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, வண்டி வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்.

கோவை, காய்கறித் தோட்டம்

ஒன்று விட்டுப்போயிற்று. கோடை மழை பெரும்பாலும் சாயங்காலம் இடியோடுதான் வரும். முதல் இடிச் சத்தம் கேட்டதுமே மாடியை விட்டு இறங்குங்கள். பாதி கட்டிய பந்தல் அப்படியே கிடக்கட்டும், இரும்புக் குழாயில் கட்டியது என்றால் கிட்டேயே போகாதீர்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி ஏற வேண்டும்.