மொறிஸ் மைனர்: அடித்தகரம் கறள் தின்று ஓட்டை, எங்கே தொடங்குவது? உதவி தேவை

கோண்டாவில்காரன்
வணக்கம். அப்பப்பாவின் மொறிஸ் மைனர் கார் கனகாலம் கொட்டிலுக்குள் நின்றது. வெளியே இழுத்துப் பார்த்தால் சாரதியின் காலடியில் தகரமே இல்லை, நிலம் தெரிகிறது. வெளிப்புறம் பரவாயில்லை. வீட்டிலேயே திருத்த விருப்பம். கறளை எடுக்க எது நல்லது? மாரிக்கு முன் முடிக்க வேண்டும். தெரிந்தவர்கள் கெதியாகச் சொல்லுங்கள்.

சாவகச்சேரி மைனர்
தம்பி, எந்தக் காலத்து மைனர் என்று சொல்லவில்லையே. 1948இல் வெளிவந்து 1971 வரை ஓடிய வரிசை அது. முன்கண்ணாடி நடுவில் பிரிந்ததா, ஒரே துண்டா? பிரிந்ததென்றால் 1956க்கு முந்தியது. திரும்பும் பக்கம் காட்டக் கதவுத் தூணிலிருந்து கைகாட்டி எழும்புமா? அது 1961 வரைதான் வந்தது. இரண்டு கதவா, நாலு கதவா? எஞ்சின் சுற்றுகிறதா, இறுகிவிட்டதா? அடியில் படுத்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

வல்வைக் காற்று
கொட்டிலின் நிலம் சீமெந்தா, மண்ணா? மண் நிலம் என்றால் காரணம் அதுதான். மாரி முழுக்க ஈரம் கீழிருந்து மேலே வரும். அதோடு சோளகக் காற்று உப்பைக் கொண்டுவந்து சேர்க்கும். எங்கள் பக்கத்தில் கடலோர வீடுகளின் யன்னல் கம்பியே உதிர்ந்து போகிறது. எந்த மருந்து பூசுவதானாலும் முதலில் அடிப்பாகம் முழுவதையும் நல்ல தண்ணீரால் கழுவி உப்பை எடுங்கள். சவர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இருந்தால் அதுவே திறம். உப்பு உள்ளே இருக்கும்வரை எந்த பெயின்றும் கொப்பளித்துக்கொண்டுதான் வரும்.

காரைநகர் ஏ40
இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. கழிவு ஒயிலோடு கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து தூரிகையால் அடி முழுக்கப் பூசுங்கள். எங்கள் வீட்டு ஒஸ்டின் ஏ40 அப்படித்தான் இன்றைக்கும் நிற்கிறது. ஓட்டைக்கு மேலே ஒரு தகரத்தை வைத்து ரிவெற் அடித்தால் சரி.

பழைய கராஜ்
ஒருவரும் வண்டியைப் பார்க்கவில்லை, எல்லோரும் மருந்து எழுதுகிறீர்கள். ஏ40இன் கணக்கு மைனருக்குச் சரிவராது. 1950களின் தொடக்கத்து ஏ40க்குச் சேசி தனி, உடல் அதன் மேலே உட்கார்ந்திருக்கிறது. அடித்தகரம் போனாலும் சேசி தாங்கும். மைனருக்கு அப்படி முழுச் சேசி இல்லை. அடித்தகரமும் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ‘சில்’ என்ற தகரப் பெட்டியும் குறுக்குச் சட்டமும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. அதில் ரிவெற் அடித்து மூடுவது ஆட்களை ஏற்றிக் கொல்லுகிற வேலை.

தம்பி, காலடி போய்விட்டதென்றால் சில்லும் போயிருக்கும். இந்த அடிப்படைகூடத் தெரியாமல் வீட்டில் திருத்த வெளிக்கிட்டிருக்கிறீர்கள். முதலில் ஒரு கராஜில் போய் நின்று பழகுங்கள். அதற்கு மனமில்லை என்றால் ஒரு திருப்புளியை எடுத்து மூன்று இடத்தில் அழுத்திக் குத்துங்கள்: சில்லின் அடி விளிம்பு, முன் இருக்கைக்குக் கீழே ஓடும் குறுக்குச் சட்டத்தின் இரண்டு முனை, பின் வில்லு (ஸ்பிரிங்) முன்னால் பிடிக்கும் இடம். திருப்புளி உள்ளே போனால் அது தகரமல்ல, பெயின்ற் பிடித்து வைத்திருக்கும் தூள். குத்திப் பார்த்துவிட்டு வந்து கேளுங்கள், பதில் சொல்கிறேன்.

கோண்டாவில்காரன்
முன்கண்ணாடி ஒரே துண்டு. கைகாட்டி இருக்கிறது. நாலு கதவு. மண் நிலம்தான். மற்றவற்றைப் பின்னேரம் பார்த்துச் சொல்கிறேன்.

சாவகச்சேரி மைனர்
அப்படியென்றால் 1956க்கும் 1961க்கும் இடைப்பட்டது, மைனர் 1000. மாற்றாமல் இருந்தால் எஞ்சின் 948 சிசி. நல்ல வண்டி, விட்டுவிடாதீர்கள்.

திருநெல்வேலி ஒட்டுக்காரன்
உங்களிடம் என்ன ஒட்டு இயந்திரம் இருக்கிறது என்று சொல்லவில்லை. கேற் ஒட்டும் சாதாரண ஆர்க் பிளான்ற் என்றால் தொடாதீர்கள், ஒரு மில்லிமீற்றர் தகரத்தில் பிடித்தவுடனே பெரிய ஓட்டை விழும். காஸ் ஒட்டு செய்யலாம், ஆனால் சூடு பரவித் தகரம் நெளியும். கம்பி தானாக ஓடிவரும் மிக் இயந்திரம்தான் இதற்குச் சரி, 0.6 கம்பி போட்டு.

சில்லை வெட்டுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கதவுகளை மூடித் திறந்து இடைவெளி ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு கதவு வாசலுக்குள்ளும் சதுரக் குழாயைக் குறுக்காக வைத்துத் தூணோடு தூணாக ஒட்டுங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகுதான் மற்றப் பக்கத்தில் கத்தி வைக்க வேண்டும். குழாய் வைக்காமல் வெட்டிய வண்டி ஒன்று என்னிடம் வந்தது. நடு இறங்கி, மூடிய கதவு திறக்கவே இல்லை. அதை நிமிர்த்துவது புதிதாக ஒட்டுவதைவிடப் பெரிய வேலை.

கறளைச் சுற்றி வெட்டும்போது மினுங்குகிற நல்ல தகரம் வரும்வரை வெட்டுங்கள். புதுத் துண்டை வைத்து முதலில் நாலு மூலையிலும் பொட்டு வையுங்கள். பிறகு இங்கே ஒரு பொட்டு, எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு. கை வைக்கக்கூடிய சூட்டுக்கு ஆறவிட்டு அடுத்தது. ஒரே இழுவையாக இழுத்தால் தகரம் அப்பளம்போல எழும்பும். துத்தநாகம் பூசிய கூரைத் தகரத்தை ஒட்டவே வேண்டாம், அந்தப் புகை காய்ச்சல் கொண்டுவரும். கழிவு ஒயில் பூசிய இடத்தில் ஒட்டுப் பிடிக்காது, பெயின்றும் பிடிக்காது. ஆகவே காரைநகர் அண்ணை சொன்னதை இப்போது செய்யாதீர்கள்.

பின்னால் இருக்கும் பெற்றோல் தாங்கியைக் கழற்றி வளவுக்கு வெளியே வையுங்கள். வெறும் தாங்கி என்று நினைக்க வேண்டாம், ஆவிதான் வெடிக்கும். பற்றரி வயரையும் கழற்றுங்கள்.

இணுவில் மாணவி
கிளிநொச்சியில் பொறியியல் படிக்கிறேன். பொஸ்பரிக் அமிலம் உள்ள கறள் மருந்து மேலோட்டமான கறளை இரும்புப் பொஸ்பேற்றாக மாற்றும், ஓட்டையை மூடாது. செதில் செதிலாகக் கிளம்பும் கறளை முதலில் கம்பித் தூரிகையால் உதிர்த்தால்தான் மருந்து உள்ளே போகும்.

கழற்றக்கூடிய சிறிய பாகங்களுக்கு மின்பகுப்பு நல்லது. பிளாஸ்ரிக் வாளியில் சலவைச் சோடா கரைத்து, பற்றரி சார்ஜரின் எதிர் முனையைப் பாகத்திலும் நேர் முனையைப் பழைய இரும்புத் துண்டிலும் கொடுக்க வேண்டும். நேர் முனைக்குத் துருப்பிடிக்காத எஃகு வேண்டாம், நச்சான குரோமியம் கரைந்து வரும். ஐதரசன் கிளம்புவதால் திறந்த வெளியில் செய்யுங்கள்.

வல்வைக் காற்று
நட்டு போல்ற்றுக்குப் பழப்புளி கரைசலே போதும் தங்கச்சி. அம்மா பித்தளை விளக்குக்குப் போடுகிறதுதான்.

இணுவில் மாணவி
உண்மைதான் அண்ணை, அதிலும் அமிலம் இருக்கிறது. ஆனால் எடுத்தவுடன் கழுவித் துடைத்து, வெயிலில் காயவைத்து எண்ணெய் பூசாவிட்டால் அன்றைக்கே திரும்பக் கறள் பிடிக்கும்.

காரைநகர் ஏ40
ஒயில் பிடிக்காது, மண்ணெண்ணெய் பிடிக்காது என்று சொல்லும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். 1990க்குப் பிறகு பெற்றோல் வராத காலத்தில் யாழ்ப்பாணத்தின் கார்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய். நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அந்தக் கார்கள். ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

பழைய கராஜ்
கெடவில்லை என்று ஓட்டியவர்கள் சொல்வார்கள். எஞ்சினைத் திறந்து பார்த்தது நாங்கள். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங்கைத் தாண்டிச் சம்ப்புக்குள், அதாவது அடியில் உள்ள ஒயில் தொட்டிக்குள் இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும். பெயாரிங் தேய்ந்துவிடும், வால்வில் கரி கட்டிவிடும்.

லண்டனில் இருந்து
இரண்டு பேரும் சொல்வது சரிதானே. எங்கள் அப்பா வாடகைக் கார் ஓட்டியவர். ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டி வந்தது, ஒயிலும் கிடைக்கவில்லை. அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின்கள் என்பதால் அந்த எண்ணெயைத் தாங்கின. இப்போதைய எஞ்சின் தாங்காது.

காரைநகர் ஏ40
தாங்கியது என்றுதான் நானும் சொல்கிறேன். எங்கள் வண்டிக்கு இன்னும் பழைய பெயாரிங்தான்.

பழைய கராஜ்
திறந்து பார்த்தீர்களா? பார்க்காமல் எப்படித் தெரியும்?

சாவகச்சேரி மைனர்
ஐயாமார், தம்பிக்கு உதவுவோம். அந்த வண்டி மண்ணெண்ணெயில் ஓடியதா என்பது இப்போது முக்கியம். கோண்டாவில் தம்பி, சுழற்றிப் பார்க்க முன் சம்ப்பின் ஒயிலை இறக்குங்கள். மண்ணெண்ணெய் மணம் வந்தால் வீசிவிட்டுப் புது ஒயில் விடுங்கள். பிளக் நாலையும் கழற்றி ஒவ்வொரு துளைக்குள்ளும் கொஞ்சம் ஒயில் விட்டு ஒரு இரவு ஊறவிட்டு, பிறகு கையால் மெதுவாகச் சுழற்றுங்கள். இன்னொன்று, மைனர் பொசிற்றிவ் ஏர்த், பற்றரியின் நேர் முனைதான் உடலில் பிடித்திருக்கும். பிறகு யாராவது மாற்றியிருக்கவும் கூடும், உடலில் எந்த வயர் பிடித்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பற்றரியைக் கொழுவுங்கள்.

லண்டனில் இருந்து
சில், குறுக்குச் சட்டம், அடித்தகரத் துண்டு எல்லாம் இங்கே இன்றும் புதிதாக விற்கிறார்கள். 1990களில் பாத் நகரத்துச் சாள்ஸ் வேர் என்பவரின் முயற்சியால் மைனர் பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கே வந்தன. ஊருக்கு வருகிறவர்களிடம் சிறிய துண்டுகளைக் கொடுத்துவிடலாம். சில் நீளம், அதைக் கப்பலில் போடுவது நல்லது. அளவு அனுப்புங்கள் தம்பி.

திருநெல்வேலி ஒட்டுக்காரன்
குறுக்குச் சட்டம் கறள் என்றால் கவனம். முன் சக்கரங்களைத் தாங்கும் ரோர்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி அதில்தான் முடிகிறது, முறுக்கோடு நிற்கும். முறுக்கை இறக்காமல் அந்த முனையை வெட்டினால் கை போகும். வண்டியைச் சீமெந்துக் கல்லில் உயர்த்தவும் வேண்டாம், கல் சொல்லாமல் பிளக்கும். இரும்பு ஸ்ராண்ட் வாங்குங்கள்.

கோண்டாவில்காரன்
குத்திப் பார்த்தேன். இடது சில் முழுக்கப் போய்விட்டது, வலது பாதி. குறுக்குச் சட்டம் கெட்டி. வில்லு இடத்தில் மேலோட்டக் கறள்தான். ஒயிலில் மண்ணெண்ணெய் மணம் இருக்கிறது, இறக்கிவிட்டேன். எஞ்சின் சுற்றுகிறது. மாரிக்கு முன் சில் மட்டும், பெயின்ற் தை பிறந்த பிறகு. மிக் இயந்திரத்தோடு ஒருவர் புதன்கிழமை வீட்டுக்கு வருகிறார். எல்லோருக்கும் நன்றி.

திருநெல்வேலி ஒட்டுக்காரன்
நல்லது. கதவு வாசல் குழாய் வைத்துவிட்டீர்களா? அவர் வரமுன் வையுங்கள். பெற்றோல் தாங்கி கழற்றியாச்சா?

வல்வைக் காற்று
கழுவினது எந்தத் தண்ணீரில்?