மேகத்துக்குள் நின்ற முக்கால் மணி நேரம்

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில் நாங்கள் அஞ்சியது எரிமலைக்கு, மாட்டிக்கொண்டது மேகத்தில்.

2012 விடுமுறையில் நானும் தம்பியும் பிட்டோன் டி லா ஃபூர்னேஸ் எரிமலையில் ஏறப் போனோம். பெயரிலேயே உலை இருக்கிறது. உயரம் 2,632 மீட்டர். மலை குமுறத் தொடங்கினால் பா டி பெல்கோம்ப் என்னும் பள்ளத்து விளிம்பில், பாதை தொடங்கும் இடத்தில் உள்ள கதவைப் பூட்டிவிடுவார்கள். அன்று திறந்திருந்தது. மேகம் சூழுமுன் விடியலிலேயே கிளம்ப வேண்டும் என்று தெரிந்தும் நாங்கள் இறங்கத் தொடங்கியபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. அது பெரிய தவறு.

500-க்கும் மேற்பட்ட படிகள் இறங்கியதும் பெரும் பள்ளம். உறைந்த எரிமலைக் குழம்பு ஓரிடத்தில் முறுக்கிய கயிறாகவும், இன்னோரிடத்தில் செருப்பைக் கிழிக்கும் கற்குவியலாகவும் கிடந்தது. தடம் என்று ஏதும் இல்லை. பாறைமேல் அடித்த வெள்ளைப் புள்ளிகள்தான் வழி. ஃபோர்மிகா லியோ என்னும் சின்னச் செந்நிறக் கூம்பைக் கடந்து வெகுதூரம் போயிருப்போம். மேகம் இறங்கிற்று. கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் எல்லாம் வெள்ளை. வெள்ளைக்குள் வெள்ளைப் புள்ளியை எங்கே தேடுவது? நான் வேகமாக நடந்தேன். தம்பி கத்தினான்.

அப்போதுதான் மேலிருந்து இறங்கி வந்த பெரியவர் ஒருவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "ஒருவர் புள்ளியிலேயே நில்லுங்கள். மற்றவர் அடுத்த புள்ளியைக் கண்டபின் குரல் கொடுக்கட்டும்," என்றார். தம்பிக்குப் பிரெஞ்சு தெரியும். அப்படியே திரும்பினோம். நடுவில் முக்கால் மணி நேரம் எதுவுமே தெரியாமல் நின்றோம். நாங்கள் தமிழர்கள் என்றதும் அவர் முகம் மாறியது. கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பலில் வந்தவர்களின் வழியில் பிறந்தவராம். தமிழ் பேச வராது. ஆனால் "மாரியம்மன்" என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

சிகரத்தைப் பார்க்கவில்லை என்று வருந்தினோம். "நாளை தென்கிழக்குக் கரைக்குப் போங்கள். மழை பெய்தால் இன்னும் நல்லது," என்று அனுப்பிவைத்தார்.

போனோம். வழியில் பிட்டோன் சென்ட் ரோஸ் ஊரில், 1977-இல் குழம்பு வாசல்வரை வந்து நின்றுபோன தேவாலயத்தைப் பார்த்தோம். அதைத் தாண்டினால் 2007 ஏப்ரலில் கடல்வரை ஓடி, கரையோரச் சாலையையே விழுங்கிய குழம்பு. அந்த வெடிப்பின்போது உச்சியில் உள்ள டொலோமியே பள்ளத்தின் தரை 300 மீட்டருக்கும் மேல் உள்வாங்கியது. இப்போது உறைந்த குழம்பின் மேலேயே புதுச் சாலை போகிறது.

மழை பிடித்துக்கொண்டது. கறுத்த பாறைவெளி முழுவதும் ஆவி எழுந்தது. ஐந்து ஆண்டுகள் ஆகியும் அடியில் சூடு ஆறவில்லை. தம்பி பாறையின் ஒரு பிளவருகே கையை நீட்டி, "வா, தொட்டுப் பார்," என்றான். குளித்த குழந்தையின் தலையைப் போல வெதுவெதுப்பாக இருந்தது.